வரக்காப்பியின் மேல் மிதக்கும் துளிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோம். 'சுர்'ரென்று உடனே வற்றினால் கல் பதம். முத்து முத்தாக உருண்டோடினால் கல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. மாவு கரண்டியோடு சுருண்டு வரும். கவனித்தீர்களா, அதிகம் காய்ந்த கல்லில்தான் துளி அதிக நேரம் நிற்கிறது! சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் துளியின் அடிப்பக்கம் ஆவியாகி, அந்த ஆவியே மெத்தையாகித் துளியைத் தூக்கிவிடுகிறது. கல்லைத் தொடாத துளிக்குச் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகர மருத்துவர் லைடன்பிராஸ்ட், 1756-ல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அரை நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

கல் இருக்கட்டும், காப்பிக்கு வாருங்கள். பால் வேண்டாம், ஆடை கட்டிவிடும். வரக்காப்பி, கொதிக்கக் கொதிக்க, வாயகன்ற கோப்பையில். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று பட்டால் எல்லாம் கலைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். எல்லோரும் மேலே எழும் ஆவியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காப்பியின் மேற்பரப்பைப் பாருங்கள். சாம்பல் பூத்தது போல ஒரு வெள்ளைப் படலம் தெரியும். நுரையல்ல, எண்ணெயல்ல. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே குறுக்களவுள்ள நீர்த்துளிகள், காப்பியைத் தொடாமல் மிதக்கின்றன. திரும்பவும் சொல்கிறேன், தொடாமல். தோசைக்கல்லில் துளியைத் தூக்கியது அதன் சொந்த ஆவி. இங்கே தூக்குவது காப்பியிலிருந்து எழும் ஆவி. திடீரென்று படலம் கிழிந்து கறுப்புக் கோடு ஓடும். ஒரு துளி காப்பியில் விழுந்து கலந்தது, அந்த அதிர்வலை அக்கம்பக்கத்துத் துளிகளையும் விழுங்கியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கிழிசல் மூடிக்கொள்ளும். காப்பி ஆறினால் ஆவிக்குத் தூக்க வலு இருக்காது, படலமும் இருக்காது.

கடிகாரம் விரட்டுகிறது. ரஷ்யாவின் டியூமென் நகரில் ஃபெடரெட்ஸ் என்பவர் மெல்லிய நீர்ப்படலத்தை அடியில் ஒரே புள்ளியில் சூடாக்கினார். மேலே மிதந்த துளிகள் தேன்கூட்டு அறைகள் போல அறுகோண வரிசையில் அணிவகுத்தன. சூடான இடத்தை நோக்கி வரும் காற்று துளிகளை நெருக்குகிறது, இடையே புகுந்து எழும் ஆவி விலக்குகிறது. சிக்கல் என்னவென்றால், ஆவி படியப் படியத் துளி பருக்கும். ஒன்று விழுந்தால் கூட்டமே கண்ணிமைக்குள் காலி. அகச்சிவப்புக் கதிரை மேலே பாய்ச்சினால் படிவதும் ஆவியாவதும் சமமாகி, துளி ஒரே அளவில் நிற்கிறது. துளிகள் ஒரு சிலவே இருந்தால் தேன்கூடு அமையாமல் வேறு கோலங்கள் வரும். அதற்கு நேரமில்லை. வணக்கம்.