ஆயிரம் பேர், முந்நூறு மில்லிவாட்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வகத்து ஜன்னலோரம் ஓர் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. அடியில் நான்கு விரற்கடை குளத்துச் சேறு, அதற்குள் புதைத்த கறுப்புக் கார்பன் துணி ஒன்று. மேலே தண்ணீரின் பரப்பை ஒட்டி இன்னொரு துணி. இரண்டையும் கம்பியால் இணைத்து மல்டிமீட்டரை வைத்தால், முதல் சில நாள் முள் அசையவே அசையாது. இரண்டு வாரம் பொறுத்தால் அரை வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். புதிதாகச் சேரும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சார், இதில் போன் சார்ஜ் ஆகுமா?” என்பதுதான். கேள்வியே தவறு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஜாடிக்குள் நடப்பது வெறும் சுவாசம். உண்ட உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரானை நாம் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். சேற்றுக்குள் ஆக்சிஜன் ஏது? அங்கே வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எலக்ட்ரானை இரும்புத் துருவிடம் தள்ளிவிடும். பக்கத்தில் கார்பன் துணி கிடைத்தால் அதனிடம் தரும். அங்கிருந்து கம்பி வழியே மேலே ஏறி, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்வதற்குள் அந்த எலக்ட்ரான் மின்சாரமாகிவிடுகிறது. நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது இவ்வளவுதான். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பாட்டர் 1911-லேயே ஈஸ்ட்டை வைத்து இதை அளந்து காட்டினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதே நாட்டில், 2015 ஜூன் மாதம், கிளாஸ்டன்பரி இசைவிழாத் திடலில் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் ஒரு சிறுநீர் கழிப்பிடம் அமைத்தார்கள். அதன் அடியில் 432 சிறு கலங்கள். நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் பேர் வந்து போனார்கள். கிடைத்த மின்சாரம் சராசரியாக 300 மில்லிவாட். உள்ளே விளக்கு எரிந்தது, உண்மை. ஆனால் நம் வீட்டு 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுக்கே அதைப்போல் 30 கழிப்பிடம் வேண்டும்! சிறுநீர்தான் சுத்தமானதா? அவர்கள் தங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் முன்னதாக வைத்த கழிப்பிடத்தில் அழுக்கு 95 சதவீதத்துக்கு மேல் நீங்கியது. விழாவில் முப்பதே சதவீதம். பந்தியில் சோறு போட்ட மாத்திரத்தில் இலையை எடுத்தால் யாரால் சாப்பிட முடியும்? கூட்டம் அதிகம், பாக்டீரியாவுக்கு அவகாசம் இல்லை.

அப்படியானால் ஆதாயம் எங்கே? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனவர்களுக்கு அந்த இரைச்சல் நினைவிருக்கும். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்காக ராட்சத ஊதிகள் இரவு பகலாகத் தொட்டிக்குள் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். நிலையத்தின் மின்கட்டணத்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போகிறது. கலத்தில் கேத்தோடின், அதாவது மேல் துணியின், ஒரு முகத்தைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் போதும், ஊத வேண்டியதில்லை. கார்பனிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும் பாக்டீரியாவுக்குத் தனக்கென மிஞ்சும் சத்தும் குறைவு என்பதால், அது பெருகுவதும் குறைவு. லாரி லாரியாக அள்ளிப்போக வேண்டிய கசடு, அதாவது பெருகிய பாக்டீரியாக் குவியல், அந்த அளவுக்குக் குறையும்.

இன்னொன்று உரம். பொதுக் கழிப்பிடக் குழாய்களை அடைக்கும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி ஸ்ட்ருவைட், அதாவது மெக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. பிளம்பருக்குத் தலைவலி, செடிக்கு விருந்து. கேத்தோடுப் பக்கம் காரத்தன்மை ஏறுவதால் அது அங்கே எளிதாகப் படிகிறது. மெக்னீசியம் போதாவிட்டால், உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புநீரைச் சேர்க்கலாம். தூத்துக்குடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாஸ்பேட் பாறையைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது.

தடை இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் யட்டாலா என்னும் ஊரின் பீர் ஆலையில், 2007-இல் மூன்று மீட்டர் உயரக் குழாய்க் கலங்கள் பன்னிரண்டை நிறுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. கழிவுநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஜாடியை அண்டாவாக்கினால் நீருக்குள் மின்னேற்றம் பெற்ற அயனிகள் போகும் வழி நீள்கிறது, தடையும் கூடுகிறது. பிரிஸ்டல்காரர்கள் பெரிதாக ஒன்று செய்யாமல் சிறிதாக 432 அடுக்கியதற்கு இதுவே காரணம்.

போன வாரம் வகுப்பில், அடுத்த ஜாடிக்குச் சேறு வேண்டாம், சிறுநீர் வேண்டும் என்றேன். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற ஆய்வக உதவியாளர்தான் கேட்டார்: “எத்தனை லிட்டர் சார்?”

வணக்கம்.