பூ தூவினீர்கள், பெருக்கியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கொரோனா காலத்தில் சென்னை தன் முன்களப் பணியாளர்களைக் கொண்டாடியதா, கைவிட்டதா?’ என்பது இன்றைய தலைப்பு. கைவிட்டது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக் கைதட்டலைச் சொன்னார். மே 3 அன்று அரசு மருத்துவமனை மேல் ஹெலிகாப்டர் பூ தூவியதைச் சொன்னார். சரி, தூவினார்கள். அந்தப் பூவை அப்புறம் கூட்டி அள்ளியது யார் என்பதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கைதட்டலுக்கும் இந்தப் பூவுக்கும் நடுவில் ஏப்ரல் 19 ராத்திரி ஒன்று இருக்கிறது, நடுவர் அவர்களே. தொற்றில் இறந்த ஒரு மருத்துவரின் உடல். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்கு ரத்தக்காயம். கடைசியில் உடன் வேலை பார்த்த மருத்துவரே வண்டியை ஓட்டிப்போய், போலீஸ் காவலோடு, மருத்துவமனை ஊழியர்களுடன் சேர்ந்து மண்ணைத் தள்ளி மூடினார். கைதட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை!

‘அது ஒரு கும்பல் செய்தது, ஊர் என்ன செய்யும்’ என்பார்கள். அப்படியானால் ஊருக்கே வருகிறேன். வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். கையில் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, வேர்வையில் நனைந்து வாயோடு ஒட்டிய மாஸ்க். கேட்டைத் திறக்காமலே, ‘இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, போங்க’ என்று பதில் வரும். டீக்கடை, ஓட்டல் எல்லாம் சாத்திய ஊரில், காலையிலிருந்து நடக்கும் பெண் பாத்ரூமுக்கு எங்கே போவாள்? எந்த அபார்ட்மென்ட் கதவு திறந்தது? தண்ணீர் பாட்டில் நீட்டிய சிலர் இருந்தார்கள், மறுக்கவில்லை. அது அந்தச் சிலரின் நல்ல மனசு, ஊரின் கணக்கில் எழுதக்கூடாது.

ஊரை ஆண்டவர்கள்? 2021 ஜனவரியில் மாநகராட்சி, தடுப்பூசி வரும் நேரத்தில், நூற்றுக்கணக்கான தற்காலிகத் தூய்மைப் பணியாளர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. தொற்றுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31 உடன் வேலை முடிந்தது என்றது அரசு. ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் கைதட்டலை விட்டுவிட்டு இந்த இரண்டு தேதிகளுக்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.