பதினொரு நாள் அழுத்திய விசை

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் 23 ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். திரை உடைந்துவிட்டது, விசைப்பலகையில் தே தாரிக் தேநீர் கொட்டிவிட்டது என்று எதைக் கொண்டுவந்தாலும், மேசைமேல் வைத்த கையோடு ஆட்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, உள்ளே இருக்கிற படமெல்லாம் தப்பிக்குமா?" கணினி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையில் வாங்குவது? அதைச் சுமந்துகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க், நம் தமிழில் வன்தட்டு, அதைப் பற்றித்தான் இந்த வானொலி நிகழ்ச்சியில் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2014ஆம் ஆண்டு. அம்மா அப்போது உயிரோடு இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்; லயத்து வீட்டில் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் மனத்தில் அப்படியே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் உட்காரவைத்து ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தேன். மூன்றாவது பாட்டின் நடுவே குக்கர் விசில் அடிக்கும். அம்மா நிறுத்திவிட்டு, "அடுப்பைக் குறைடா" என்பார். பிறகு விட்ட அடியிலிருந்து தொடருவார். ஒன்பதையும் வீட்டுக் கணினியில் போட்டுவைத்தேன். அங்கே மட்டும்தான் போட்டுவைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை, கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வன்தட்டின் நிலை மோசம், நகலெடுத்துக்கொண்டு மாற்றிவிடு, தொடர வேண்டுமானால் எஃப்1 விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் வந்தது. நான் என்ன செய்தேன்? எஃப்1 விசையை அழுத்தினேன். கணினி வழக்கம்போல் திறந்தது. வேலை இருந்தது. மறுநாளும் அழுத்தினேன். அடுத்தவர் கணினியில் இந்த வாசகத்தைப் பார்த்தால் சத்தம் போடுகிற ஆள் நான். என் வீட்டில் பதினொரு நாள் அழுத்தினேன். பன்னிரண்டாம் நாள் உள்ளிருந்து டிக் டிக் என்று பல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். எழுத்து வந்த அந்தத் திரைகூட அன்று வரவில்லை.

தரவு மீட்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்தார்கள். மூன்று பாட்டுகள் கிடைத்தன, ஆறு கிடைக்கவில்லை. குக்கர் விசில் அடித்த பாட்டு அந்த ஆறில் ஒன்று. மறுபடி பாடச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அம்மா அந்தத் தீபாவளிக்கு இல்லை.

ஆக, வன்தட்டு பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை, சொல்லிவிட்டுத்தான் சாகிறது. நாம்தான் எஃப்1 அழுத்துகிறோம்.

எப்படிச் சொல்கிறது? இங்கே என் அக்காளை இழுத்தாக வேண்டும். அக்காள் பினாங்கில், பாயான் லெப்பாஸில், வன்தட்டுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1972இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டைக்கு நம் பெண்கள் எத்தனை பேர் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தார்கள் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். முகத்துக்குப் பவுடர் கூடாது. தலையில் பூ கூடாது. "கல்யாணமான புதிதில் ஒரு முழம் மல்லிகை வைக்க வழியில்லாத வேலை" என்று அக்காள் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார். பவுடர் துகளுக்கு ஏன் அத்தனை பயம்? பெரிய வன்தட்டுக்குள் இருக்கும் வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, நொடிக்கு 120. அதன்மேல் படிக்கும் முனை தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு துகள் அங்கே பாறாங்கல்.

இப்படி ஓடுகிற வட்டில் காலப்போக்கில் அங்கங்கே இடம் கெடும். கோயில் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த இலை ஒன்று தென்பட்டால் பரிமாறுகிறவர் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டு, மாற்றுக்கட்டிலிருந்து வேறு இலை போடுவார். சாப்பிட வந்தவருக்குத் தெரியாது. வன்தட்டும் கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு, மாற்றுக்கென்று வைத்திருக்கும் இடத்தைக் கொடுக்கிறது. எத்தனை இலை மாற்றினோம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. இலை கிழிந்ததா இல்லையா என்று முடிவு தெரியாமல், படிக்க முடியாமல் நிற்கும் இடங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. இந்தக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் ஸ்மார்ட் என்று பெயர். 1990களில் ஐபிஎம், காம்பாக் நிறுவனங்கள் தொடங்கிவைத்தது. உங்கள் வீட்டு வன்தட்டும் இதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

படிக்க மென்பொருள் வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஜப்பானியர் ஒருவர் எழுதியது. லினக்ஸுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ். இரண்டும் இலவசம். முதலாவதில் நீலம் தெரிந்தால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஆபத்து. வண்ணத்தோடு நின்றுவிடாதீர்கள். கீழே பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். 05 மாற்றிய இலை, சி5 முடிவு தெரியாத இலை, சி6 தேறவே தேறாத இலை. மூன்றும் சுழியமாக இருப்பது நல்லது. ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது 16. அதன் மெனுவில் போய் நமது வழக்கமான எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

எண் முக்கியமா என்றால், எண்ணைவிட அது ஏறுகிறதா என்பது முக்கியம். கிளினிக்கில் இரத்த அழுத்தத்தை அட்டையில் எழுதித் தருகிறார்களே, அதுபோல நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு எழுதுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். கல்லூரி மாணவர் ஒருவரின் வன்தட்டில் 8 என்று இருந்தது. மூன்று ஆண்டுகளாகியும் அதே 8, இன்னும் ஓடுகிறது. கணக்கர் ஒருவருடையது ஒரு வாரம் 16, மறு வாரம் 40, அதற்கடுத்த வாரம் 312. அன்று மாலையே நகலெடுக்க வைத்தேன். அந்தக் கணக்கர் கேட்டார், "அண்ணே, மென்பொருள் இன்னும் 'தேர்ச்சி' என்றுதானே காட்டுகிறது?" காட்டும். வன்தட்டைச் செய்த நிறுவனம் வைத்த எல்லையைத் தாண்டாதவரை தேர்ச்சிதான். அந்த எல்லை மிகத் தாராளமானது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007இல் கூகுள் பொறியாளர்கள் மூவர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளின் கணக்கை வெளியிட்டார்கள். வட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட வன்தட்டு, பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு. சொல்லிவிட்டுத்தான் சாகிறது என்றேன் அல்லவா? ஆனால் அதே ஆய்வில், செத்தவற்றில் 56 விழுக்காட்டுக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. "பெரும்பாலும்" என்று சற்று முன் கொஞ்சம் மிகையாகச் சொல்லிவிட்டேன். சிவப்பைப் பார்த்தால் நம்பலாம். நீலத்தைப் பார்த்துத் தூங்கிவிட முடியாது.

அதனால் முதலில் நகல். மஞ்சளைப் பார்த்ததும் பலர் செய்யும் தவறு, வட்டைச் சரிசெய்யும் நிரலை ஓடவிடுவது. மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் ஆளை மாடிப்படி ஏறவைப்பது போல அது. முதலில் நகல். பாட்டு, படம், நிலப்பத்திரம், அதன் பிறகு மற்றதெல்லாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டே நிமிடம். எஸ்எஸ்டி, அதாவது வட்டுக்குப் பதில் சில்லில் சேமிக்கும் வகை, அது பற்றிப் பாதி நேரம் பேசலாம் என்று குறித்துவந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அதில் சுற்றும் வட்டு இல்லை, டிக் டிக் சத்தமும் வராது. எவ்வளவு தேய்ந்தது என்று விழுக்காட்டில் சொல்லும், ஆனால் தேயாமலே ஒரு நாள் காலையில் மௌனமாகிவிடுவதும் உண்டு. அதற்கும் நகல்தான். யூஎஸ்பியில் மாட்டும் பெட்டி சில, உள்ளிருக்கும் கணக்கை வெளியே விடுவதில்லை. மென்பொருளில் ஒன்றும் தெரியாவிட்டால் வன்தட்டு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், வேறு பெட்டியில் மாட்டிப் பாருங்கள். மேகச் சேமிப்பு, இடியும் மின்னலும்... ஒரு விரல் ஆகிவிட்டது. 05, சி5, சி6, குறித்துக்கொண்டீர்களா? வணக்கம்.