ஆய்வுக்கூடத்து எலியும் நம் வீட்டுப் பெரியவரும்

மொரீசியஸ் தமிழ் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாதத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வாய் கோணும், கை கால் விழும், பேச்சு குழறும். நம் உறவில் ஒருவருக்காவது வந்து பார்த்திருப்போம். இத்தனை ஆராய்ச்சி நடக்கிறதே, இதற்கு ஏன் இன்னும் கைநிறைய மருந்து இல்லை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

2006-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். அதுவரை பக்கவாதத்துக்கு என்று உலகெங்கும் சோதித்துப் பார்த்த சிகிச்சைகளை எண்ணினால் 1,026 வந்தது. மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தது அதில் 114. அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் மூளையைக் காப்பாற்றும் மருந்தாக நிலைத்தது, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ். ஆஸ்பிரின் கொஞ்சம் கைகொடுக்கிறது. மற்றதெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று புரிய, ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு நிமிஷம் வாருங்கள். எலியை மயக்கத்தில் படுக்க வைத்து, கழுத்தில் சிறிதாகக் கீறி, தமனிக்குள் ஒரு நைலான் நூலை மெதுவாக மேலே தள்ளுவார்கள். நூலின் நுனியில் சிலிக்கோன் பூசியிருக்கும். அது மூளையின் நடுத்தமனி பிரியும் இடத்தில் போய் உட்கார்ந்ததும் ரத்த ஓட்டம் நிற்கும். ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து நூலை உருவினால் மறுபடி ஓடும். மறுநாள் மூளையைச் சீவல் சீவலாக நறுக்கி ஒரு சாயத்தில் போடுவார்கள். உயிருள்ள பகுதி செக்கச் சிவப்பாகும், செத்த பகுதி வெள்ளையாகவே இருக்கும். மருந்து கொடுத்த எலியில் வெள்ளை சுருங்கியிருந்தால் மருந்து வேலை செய்தது என்று அர்த்தம். அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வருவது இயல்புதான்.

சரி, அது எப்படிப்பட்ட எலி? பெரும்பாலும் இளம் வயது ஆண் எலி. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. அடைப்பு எந்த நிமிஷம் வந்தது என்று நூலைத் தள்ளியவருக்கே தெரியும். பல சோதனைகளில் அடைப்புக்கு முன்பே, இல்லையென்றால் வந்த கையோடு மருந்து ஏறிவிடும். நம் வீட்டுப் பெரியவரோ எழுபதைத் தொட்டவர், இருபது வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், காலையில் எழுந்திருக்கும்போதே கை வராமல் கிடக்கிறவர். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு.

என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து இதற்குச் சரியான உதாரணம். விலங்குகளில் அருமையாக வேலை செய்தது. 2006-ல் வெளியான முதல் பெரிய மனிதச் சோதனையும் நல்ல சேதி சொன்னது. அடுத்த வருஷமே, 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இரண்டாவது சோதனையில் ஒரு பலனும் தெரியவில்லை. பிறகு பழைய விலங்குச் சோதனைகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எந்த எலிக்கு மருந்து என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்யாத, அளப்பவருக்கு அதை மறைக்காத சோதனைகளில்தான் பலன் அதிகமாகத் தெரிந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆசை கண்ணை மறைத்தது, அவ்வளவுதான். வயதான விலங்குகளிலும், பெண் விலங்குகளிலும், பிரஷர் உள்ளவற்றிலும் பார்த்த பிறகே மனிதர்களிடம் வர வேண்டும் என்று இன்று சொல்கிறார்கள். இது நமக்காகவே எழுதின விதி என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள நாடு இது.

ஜெயித்த கதையும் உண்டு. முன்பு சொன்ன கட்டி கரைக்கும் ஊசி மருந்தை 1985-ல் முயல்களில் பார்த்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் மனிதர்களிடம் நிரூபித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ சொற்பமாகவோ இருக்கும் வாய்ப்பு 30 சதவீதம் கூடியது. ஆபத்தையும் மறைக்கக் கூடாது: மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு வந்து நிலைமை மோசமானது, மருந்து பெறாதவர்களில் 0.6 சதவீதம். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டார்கள். 2008-ல் அவகாசம் நாலரை மணி நேரமாக நீண்டது. 2015-ல் பெரிய குழாய் அடைப்புக்குத் தொடை வழியாக வலைக்குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பதும் நிரூபணமானது.

ஆராய்ச்சி மக்களிடம் வந்து சேர்ந்ததற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, அதை நாம் பெருமையாகச் சொல்வதே இல்லை. 1987-ல் இங்கே நடந்த சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் பிறகு, ரேஷன் சமையல் எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை விட்டு சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். ஐந்து வருஷத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5-லிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. காவடிக்கு ஏழு கறி சமைக்கும் முறையை யாரும் மாற்றச் சொல்லவில்லை, சட்டிக்குள் ஊற்றுகிற எண்ணெய்தான் மாறியது. ஆனால் அதே வருஷங்களில் சர்க்கரையும் உடல் எடையும் இறங்கவில்லை. அந்த வேலை பாக்கி.

அப்புறம் இன்னொரு பாக்கி, அது நம் வீட்டுக்குள் இருக்கிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. இந்தத் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர்தான். நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸ்காரர்களுக்குக் கடல் குறுக்கே நிற்கிறது, அவர்கள் கஷ்டம் தனி. நமக்கோ தூரத்தைவிட, முடிவெடுக்கத்தான் அதிக நேரம் போகிறது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், தூங்கி எழுந்தால் சரியாகும், மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று சொல்லியே நாலு மணி நேரம் ஓடிவிடுகிறது. விழுங்க முடியாதவருக்குத் தேநீர் கொடுத்துப் புரையேற வைப்பதும் உண்டு. தயவுசெய்து வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், உடனே 114-க்குப் போன் செய்து சாமு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டாக்டர் முதலில் கேட்பது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதுதான். படுத்தபோது நன்றாக இருந்தாரா, இரவு எழுந்து தண்ணீர் குடித்தாரா, எல்லாம் சொல்லுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்கும்போது வீட்டார் கூடிப் பேச நேரம் இருக்காது, அதனால் இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த ஊசி ஆபத்தாகலாம். ஆகவே ஆம்புலன்ஸில் ஏறும்போது அவருடைய மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.

நன்றி, வணக்கம்.