வெள்ள சிமுலேஷனுக்குக் கொடுக்கும் தரை உயரம் நிஜமாகவே தரையின் உயரமா?

(திரை: மீகாங் கழிமுகத்தின் செயற்கைக்கோள் படம். ஆறுகள், வாய்க்கால்கள், நெல் வயல்கள்.)

வணக்கம். இது வியட்நாமின் தென்கோடியில் உள்ள மீகாங் கழிமுகம். கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் இதில் எவ்வளவு மூழ்கும்? சிமுலேஷன் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முதலில் வேண்டியது தரையின் உயரம்.

பல வருடங்களாக எல்லோரும் கை நீட்டியது எஸ்ஆர்டிஎம் என்ற தொகுப்பை நோக்கித்தான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து எடுத்த அளவுகள் அவை. கலத்தில் ஒரு ஆன்டெனா, 60 மீட்டர் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. கீழே பட்டுத் திரும்பும் ரேடார் அலை இரண்டுக்கும் சற்றே வேறுபட்டு வந்து சேரும். அந்த வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். 11 நாள் பயணத்தில் உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் அளந்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய கொடை வேறு எந்தத் துறைக்கும் எளிதில் கிடைத்ததில்லை என்பேன்.

(திரை: கடலோரத்தில் ஒரே ஒரு கட்டம் பெரிதாகிறது. அதில் ‘4’ என்ற எண்.)

ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்போம். ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர். உயரம் 4 மீட்டர் என்கிறது. ஆனால் அந்த இடத்தில் நிற்பது அலையாத்திக் காடு. ரேடார் அலை இலைகளுக்குள் கொஞ்சம் நுழைந்து, சேற்றைத் தொடாமலே திரும்பிவிடும். ஆக அந்த 4 மீட்டரில் பாதி மரம். ஊருக்குள் என்றால் கூரைகளும் சேரும். மேலும், இந்தத் தொகுப்பில் எண்கள் முழு மீட்டரில்தான் இருக்கும். 3 உண்டு, 4 உண்டு, மூன்றரை கிடையாது. மலைநாட்டில் இது பொருட்டல்ல. நிலம் முழுவதும் ஓரிரு மீட்டருக்குள் அடங்கும் கழிமுகத்தில் இதுவே எல்லாம்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பூஜ்யம் எங்கே இருக்கிறது? எஸ்ஆர்டிஎம்மின் பூஜ்யம், புவியீர்ப்பை வைத்துக் கணக்கிட்ட ஒரு பரப்பு. உள்ளூர்க் கரையில் அலைமானி காட்டும் சராசரிக் கடல் மட்டம் அதோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2019இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வியட்நாமில் தரையில் அளந்த உயரப் புள்ளிகளை எடுத்து, உள்ளூர்க் கடல் மட்டத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். கழிமுகத்தின் சராசரி உயரம் சுமார் 2.6 மீட்டர் என்றுதான் அதுவரை கணக்கு. கிடைத்ததோ சுமார் 0.8 மீட்டர்!

அதே ஆண்டில் அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் என்ற ஆய்வு அமைப்பினர் உலகக் கடற்கரைகள் முழுவதையும் திருத்திய உயரங்களோடு மறுபடி கணக்கிட்டார்கள். இன்றைய உயர் அலைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர்கள், எஸ்ஆர்டிஎம்படி 2.8 கோடிப் பேர். திருத்தியபின் 11 கோடி.

வெள்ள சிமுலேஷனுக்குக் கொடுக்கும் மழைத் தரவிலும் இதே கவனம் வேண்டும். ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தொகுப்பு 1940 முதல் மணிவாரியாக மழை தருகிறது, ஆனால் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். ஒரு பேட்டையில் கொட்டித் தீர்த்த மழை அத்தனை பரப்பிலும் பரவி மெலிந்துவிடும்.

அதனால் தரவு தருபவர் எண்ணை மட்டும் தந்தால் போதாது. எதை அளந்தது, எந்த ஆண்டில், பூஜ்யம் எது, பிழை எவ்வளவு என்று நான்கையும் கூடவே தர வேண்டும். ஆண்டை அலட்சியம் செய்யாதீர்கள். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மீகாங் கழிமுகம் தாழ்ந்துகொண்டே போகிறது; 2000இல் அளந்த உயரம் இன்றைக்குச் செல்லாது.

நீங்கள் பயன்படுத்துபவர் என்றால், மரங்களையும் கட்டடங்களையும் கழித்த ஃபேப்டெம் போன்ற தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். உள்ளூர் சர்வே கற்களின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தப் பிழை அளவுக்குள் உயரங்களைக் கூட்டியும் குறைத்தும் அதே சிமுலேஷனைப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு ஊரும் நூற்றுக்கு எத்தனை தடவை மூழ்கியது என்பதை வரைபடத்தில் போடுங்கள்.