தண்ணீர் காய வைத்தவர்

எல்லாருக்கும் வணக்கம். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் எப்படிப் போடுகிறார்கள் என்று இன்றைக்குச் சொல்வதாக இருந்தேன். அது அடுத்த வாரம். கண்ணாடியும் மணலும் எங்கேயும் ஓடிவிடாது. நடுவில் ஒரு கேள்வி வந்தது, மூன்று நாளாக என்னை விட மாட்டேன் என்கிறது.

தேவகோட்டைப் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படிக்கிறேன், சின்னக் கடிதம்தான்.

"அண்ணே, ரங்கூன் கப்பல் பற்றி நீங்கள் பேசியதை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு 78 வயது. கப்பற்படையில், பழைய விக்ராந்தில் இருந்தவர். கூட வேலை பார்த்தவர் யாராவது போன் செய்தால் ஒரு மணி நேரம் சிரிப்புத்தான். எங்களிடம் அப்படிச் சிரித்ததே இல்லை. சூடு, வேர்வை, எண்ணெய் நாற்றம், குளிக்கத் தண்ணீர் கிடையாது என்று அவரேதான் சொல்கிறார். அப்படிப்பட்ட இடத்தின் மேல் என்ன பிரியம்? 1971 சண்டையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் 'தண்ணி காய வச்சேன்' என்கிறார். பத்து முறை கேட்டாலும் அதே பதில். ஏன் மழுப்புகிறார்?"

கீழே ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அம்மா, அவர் மழுப்பவில்லை. நூற்றுக்கு நூறு உண்மையைச் சொல்லியிருக்கிறார். நீங்கள்தான் ஜோக் என்று நினைத்துவிட்டீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கையில் இருந்த காபி ஆறிப் போய்விட்டது.

விக்ராந்த், விமானங்களைத் தூக்கிக்கொண்டு போகிற போர்க்கப்பல், நீராவியில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் கட்ட ஆரம்பித்தார்கள், 1945இல் கடலில் இறக்கினார்கள், போர் முடிந்துவிட்டதால் பாதி வேலையில் அப்படியே கிடந்தது. 1957இல் நாம் வாங்கினோம். வேலை முடிந்து 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் நம் கொடி ஏறியது. அந்த வருஷம் நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தபோது நேருவே வரவேற்றார். எழுநூறு அடி நீளம், ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே. இத்தனையும் எதனால் நகர்ந்தது? நான்கு பாய்லர். எண்ணெயை எரித்து, தண்ணீரைக் காய்ச்சி, அந்த ஆவியைக் கொண்டு டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றுவது. நம் வீட்டுப் பின்கட்டில் ஆத்தா செப்புப் பாய்லரில் வெந்நீர் போட்டார்களே, அதே வேலைதான். இது நாற்பதாயிரம் குதிரை சக்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கப்பல் நகர மட்டும் என்று நினைக்காதீர்கள். விமானம் ஓடுதளத்தில் ஓடி ஏறுவதற்கு ஊரில் ஒரு மைல் இடம் வேண்டும். கப்பலில் ஏது? அதனால் உண்டிவில்லில் கல்லை வைத்து அடிக்கிற மாதிரி, தளத்தில் ஒரு பொறி வைத்து விமானத்தை இழுத்து வீசுவார்கள். கேட்டபுல்ட் என்பார்கள். அதற்கும் நீராவி. அது போதாது, கப்பல் காற்றுக்கு எதிரே திரும்பி வேகமாக ஓட வேண்டும், அப்போதுதான் இறக்கையின் மேல் போதுமான காற்று படும். அந்த வேகத்துக்கும் நீராவி. ஆக, மேலே விமானி பறந்தான் என்றால் கீழே ஒருவர் தண்ணீர் காய வைத்திருக்கிறார்.

இப்போது 1971 பாகிஸ்தான் சண்டைக்கு வாருங்கள். சண்டைக்கு முந்தின வருஷம் பாய்லரில் விரிசல் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீர் நிற்கிற டிரம்மிலேயே விரிசல். சண்டை வேறு வரும் போல இருக்கிறது. கப்பலை மூலையில் கட்டிப் போடுவதா, ஓட்டுவதா? ஓட்டுவது என்று முடிவானது. நான்கில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் அழுத்தத்தைக் குறைத்துக் கொளுத்தினார்கள். வேகம் குறைந்தது. அந்தக் குறைந்த வேகத்தில் விமானம் ஏற்றுவது ஒவ்வொரு முறையும் கத்தி மேல் நடக்கிற வேலை. டிசம்பர் 4 தொடங்கி சீ ஹாக், அலிசே என்ற இரண்டு வகை விமானங்களும் விக்ராந்தில் இருந்து எழும்பிப் போய், அன்றைக்குக் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. இந்தக் கப்பலைத் தேடி வந்த காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப் போனது. விக்ராந்த் அப்போது அங்கே இல்லவே இல்லை, அந்தமான் பக்கம் இருந்தது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா எங்கே இருந்தார் என்பது புத்தகத்தில் இல்லை. விரிசல் விட்ட பாய்லர் என்று தெரிந்தே அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார். விமானத்தைப் பார்த்திருக்க மாட்டார், கடலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் காய வைத்தார். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல வேண்டும்?

சரி, பிரியம் எங்கே இருந்து வந்தது என்றுதானே கேட்டீர்கள்.

இங்கே நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத்தான் போகிறேன். "அண்ணன் அடுப்படிக்கு வந்துட்டாரு" என்று நீங்கள் கிண்டல் பண்ணுவதும் எனக்குத் தெரியும். பெரியவர்களிடம் சரித்திரத்தைக் கேட்காதீர்கள், அடுப்படியைக் கேளுங்கள். ரங்கூனில் என்ன நடந்தது என்று என் அப்பத்தாவிடம் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்கள். ரங்கூனில் என்ன அரிசி என்று கேட்டேன், கவுனி அரிசியில் ஆரம்பித்து, குண்டு விழுந்த அன்று உலையில் என்ன இருந்தது என்பது வரை இரண்டு மணி நேரம் சொன்னார்கள்.

நாலைந்து வருஷம் முன்னால் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணம் மாதிரியான விசேஷத்துக்கு, போயிருந்தேன். பந்தி முடிந்து வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்தால், எதிரே மூன்று பெரியவர்கள், மூவரும் கப்பற்படை, மூவரும் ஒரே கப்பலில், இதே விக்ராந்தில் இருந்தவர்கள். ஒருவர் இன்ஜின் ரூம், ஒருவர் மேல்தளம், ஒருவர் சமையல். நான் பக்குவமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் யுத்தம் பற்றிக் கேட்டேன். மூவரும் என்னைப் பார்த்த பார்வையில் எழுந்து வந்திருக்க வேண்டும். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "கப்பலில் இட்லி உண்டா?" என்றேன்.

அவ்வளவுதான். இட்லி உண்டு என்கிறார் சமையல்காரர். அது இட்லியா, அதை எடுத்து எறிந்தால் எதிரிக் கப்பல் மூழ்கும் என்கிறார் இன்ஜின் ரூம். கடல் ஆட்டம் காட்டினால் சாம்பாரைக் கால் பாத்திரத்துக்கு மேல் வைக்க முடியாது, அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கும், அப்படியும் பாத்திரம் நடந்துபோகும். ஆயிரம் பேருக்குச் சப்பாத்தி. பஞ்சாபிக்காரன் ரசத்தை முதல் முறை குடித்துவிட்டு மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. அப்படியே தண்ணீருக்கு வந்தார்கள். கடல் நீரைக் காய்ச்சி வடித்து நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள், அதில் முதல் பங்கு யாருக்கு? பாய்லருக்கு. உப்புத் தண்ணீர் போனால் பாய்லர் கெட்டுவிடும், அதனால் அது குடித்து மீந்ததுதான் மனுஷனுக்கு. "நாங்க அழுக்கா இருந்தோம், பாய்லர் தீர்த்தம் குடிச்சுது" என்றார் இன்ஜின் ரூம்காரர். ஆனால் அது தனக்குக் கஷ்டமாகவே இல்லை என்றார். வளவில் மழைத் தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்து, ஊருணி வற்றுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பையனுக்கு ஒரு வாளியில் குளிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

பேச்சு சூடாகி, இன்ஜின் ரூம்காரர் எழுந்துவிட்டார். முகப்பில் நின்று, இதுதான் கப்பலின் மூக்கு என்றார். பட்டாலை என்கிற கூடத்தைக் காட்டி, இங்கே விமானக் கொட்டகை. இரண்டாம் கட்டு வரை நடந்து, இங்கே கீழே இறங்கினால் பாய்லர். அப்புறம் நின்று யோசித்தார். நம் பெரிய வீடுகள் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. அதுவும் போதவில்லை. "இன்னும் மூணு வீடு வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் படுத்த இடம் எது என்று கேட்டேன். இரண்டு தூணுக்கு நடுவே சுவரோரமாகக் கையை வைத்து, இவ்வளவுதான் என்று காட்டினார். மேலே ஒருவன், கீழே ஒருவன். மேலே படுத்தவன் மலையாளி, தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவான் என்றார். அந்தப் பையனுக்கு அப்போது பத்தொன்பது வயதாம்.

பிரியம் அங்கே இருக்கிறது, சகோதரி. எழுநூறு அடிக் கப்பலில் இல்லை, அந்த ஆறடியில் இருக்கிறது. ரஜூலா என்ற பயணிகள் கப்பலில் பினாங்கு போய்வந்த நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன், அதில் பாதிப் பேருக்கு வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம். அவர்கள் டிக்கெட் வாங்கி ஏறினார்கள், இறங்கினார்கள். உங்கள் அப்பா அந்தக் கப்பலைத் தினமும் கழுவினார், துடைத்தார், அது கெட்டுப்போகாமல் காவல் இருந்தார். கழுவித் துடைத்த பாத்திரத்தின் மேல் நமக்கு இருக்கிற உரிமை, ஓட்டலில் சாப்பிட்ட தட்டின் மேல் வருமா?

கப்பற்படைக்காரர்கள் தரையில் இருக்கிற தளத்தைக்கூடக் கப்பல் என்றுதான் சொல்வார்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, ராமேஸ்வரம் போகிற வழி. விமானத்தளம்தான், கெட்டித் தரை. ஆனால் இந்த மாதிரித் தளங்களில் வாசலைத் தாண்டி வெளியே போவதைக் "கரைக்குப் போகிறேன்" என்பார்கள். ராமநாதபுரம் வெயிலில் நின்றுகொண்டு கரைக்குப் போவது! எனக்கு இதை நினைத்தாலே சிரிப்பு வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. அந்தக் கப்பல் என்ன ஆச்சு?

1997 ஜனவரி 31 அன்று விக்ராந்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். கப்பலுக்கு ஓய்வு என்றால் சூரியன் மறைகிற நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்குவார்கள். ரொம்ப நீளமான ஒரு கொடி பறக்கும், அது ஓய்வுக்கென்றே உள்ள கொடி. அதன் பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது, 2012இல் அதையும் மூடினார்கள். பராமரிக்க முடியவில்லை. 2014இல் ஏலம், சுமார் 60 கோடி. சுப்ரீம் கோர்ட் வரை வழக்குப் போய், அந்த வருஷக் கடைசியில் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதன் இரும்பைக் கொஞ்சம் உருக்கிச் சேர்த்து பஜாஜ் கம்பெனி 2016இல் ஒரு மோட்டார் சைக்கிள் விட்டது, பெட்ரோல் டேங்கில் அந்த இரும்பு இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். கானாடுகாத்தானில் பார்த்த இன்ஜின் ரூம்காரரின் பேரன் அந்த வண்டியை வாங்கியிருக்கிறான். இவர் டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கேட்டாராம், "இது மேல்தளமா, பாய்லரா?" பேரனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நம் ஊரில் இது யாருக்கும் புரியாத கதையா? பழைய பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, எனாமல் தூக்கு, எல்லாம் ஒரு காலத்தில் வீடு. எங்கள் பங்காளி வீடும் அப்படித்தான். பதினெட்டுப் பங்கு, ஆளுக்கொரு ஊர், ஓடு மாற்றக் காசு இல்லை, பிரித்து விற்றார்கள். பல வருஷம் கழித்து வெளியூரில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் எங்கள் தூணைப் பார்த்தேன். எங்கள் தூண்தான், சின்ன வயதில் நான் ஆணியால் கீறின இடம் அப்படியே இருந்தது. அங்கே இருந்த பையன், "சார், தொடாதீங்க, ஆன்டிக்" என்றான். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். தொட்டுவிட்டுத்தான் வந்தேன்.

புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் படையில் சேர்ந்தது. நம் நாட்டிலேயே கட்டியது, பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. ஆனால் ஓட்டுவது நீராவி இல்லை, கேஸ் டர்பைன். உங்கள் அப்பா அதில் போய் நின்றால் "தண்ணி எங்கப்பா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இப்போது பின்குறிப்பு. "அப்பா இன்னும் தினமும் ராத்திரி மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், டாக்டரிடம் காட்ட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வேறு தொந்தரவு இருந்தால் தாராளமாகக் காட்டுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மூன்றரை என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. கப்பலில் நாலு நாலு மணி நேரமாக முறை போட்டு வேலை. நள்ளிரவு முதல் நாலு வரை ஒருவர், நாலு முதல் எட்டு வரை அடுத்தவர். சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டியிருப்பார்கள். அப்போது ஒரு நாளைக்கு ஏழு முறை ஆகிவிடும், ஒரே ஆள் தினமும் நடு ராத்திரியில் மாட்டிக்கொள்ள மாட்டான். என்ன மூளை பாருங்கள்! நாலு மணிக்காரனை அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுப்பிவிடுவார்கள், மாற்றிவிட வேண்டியவன் காத்திருப்பான் இல்லையா.

எழுந்து உட்காருகிறார் என்று எழுதிய நீங்கள், அதன் பிறகு என்ன செய்கிறார் என்று எழுதவில்லை. நாளைக்கு ஒரு நாள் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு கவனியுங்கள். அடுப்படிக்குப் போய் கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்க்கிறாரா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.