பேனாவை விடக் குட்டையான மத்தி

வணக்கம் நேயர்களே. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு ‘மத்தீ... மத்தீ...’ என்று தெருவில் குரல் கேட்கிறதே, அந்த மத்தியைத்தான் சொல்கிறேன். தெற்கே போனால் இதுவே சாளை.

கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். பழக்கம் போகுமா? ஒருநாள் மீன் கடையில் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு மத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். கடைக்கார அம்மா, “என்ன சார், மீனுக்கு ஹால் டிக்கெட் எழுதப் போறீங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் விடவில்லை. பத்து மீனை அளந்தேன். ஏழு மீன் பேனாவை விடக் குட்டை. வீட்டில் கழுவும்போது பார்த்தால் அந்த ஏழிலும் சினையே இல்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் சொன்னேன். “அதெல்லாம் பொடிசு சார். சினை எப்படி இருக்கும்? அதான் விலை கம்மி” என்றார். நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கும் விஷயத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்!

ஏன் பேனா? சாதாரணப் பேனா கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் இருக்கும். மத்தி பருவத்துக்கு வருவதும் ஏறக்குறைய அந்த நீளத்தில்தான். பேனாவை விடக் குட்டை என்றால் அநேகமாக ஒருமுறைகூட முட்டையிடாத மீன். இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தி வேகமாக வளரும். ஒரு வயதிலேயே அந்த 15 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். ஆனால் ஆயுசு இரண்டரை வருஷம்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்குக் கடற்கரையில் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். வயலுக்கு எரு போட்ட மாதிரி நுண்ணிய பாசி பெருகும். மத்திக்கு அதுதான் சோறு. அந்தச் சமயம் பார்த்துத்தான் முட்டையிடும். முட்டை தண்ணீரில் மிதந்து, ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும். அந்த வருஷம் பாசி சரியாக வராவிட்டால் குஞ்சுகள் பட்டினிதான்.

நம் காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளிப் பக்கம் மா விவசாயிகளைக் கேளுங்கள். ஒரு வருஷம் கிளை முறியக் காய்க்கும், மறு வருஷம் ஏமாற்றிவிடும். மத்தியும் அப்படித்தான். கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் மூவாயிரத்துச் சொச்சம் டன். எழுத்துப் பிழை இல்லை, மூவாயிரம்தான். 1994இலும் இப்படி ஒரு வீழ்ச்சி வந்தது. அதனால் எல்லாப் பழியையும் வலை மேலேயே போட மாட்டேன், கடலின் சூடும் மழையும் சேர்ந்து ஆட்டிவைக்கின்றன.

ஆனால் ஒரு வித்தியாசம். காய்க்காத வருஷத்திலும் மாமரம் தோட்டத்தில் நிற்கும். மத்திக்கு மரம் எது? தாய் மீன்தான். இரண்டரை வருஷ ஆயுசில், அடுத்தடுத்து இரண்டு வருஷம் குஞ்சு தேறவில்லை என்றால் முட்டையிட ஆளே இருக்காது. அந்த நேரத்தில் பொடிசையும் அள்ளினால்? கன்றைப் பிடுங்கி அடுப்பெரித்த கதைதான். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை உண்டு. என் பேனா அதைவிடக் கறார். பேனாவை விடக் குட்டை என்றால் முட்டையிடாத மீன், சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒகேனக்கல் விலாங்கைப் பற்றிப் பாதி நேரம் பேசலாம் என்று குறித்து வைத்திருந்தேன், போச்சு. ஒன்று மட்டும்: விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். கடலுக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவில் 1934இலிருந்து மேட்டூர் அணை நிற்கிறது. மீதியை நிலையத்தார் திரும்பக் கூப்பிட்டால் பேசுவோம். வணக்கம்.